கல்மரம் கிழக்கே, கானமயில் மேற்கே

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிறோம். கல்மரப் பூங்காவையும் பாலைவன தேசியப் பூங்காவையும் 'போகிற வழியில்' அரை நாளில் காட்டிவிடுவதாக டிராவல்ஸ்காரர் சொல்கிறார். நடக்குமா? ஞாபகத்துக்கு ஒரு கல்மரத் துண்டு எடுத்து வரலாமா?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: நடக்காது. அகல் கல்மரப் பூங்கா ஊருக்குத் தென்கிழக்கே, பார்மர் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர். தேசியப் பூங்காவின் சுதாசரி பகுதியோ மேற்கே, 'சம்' மணல்மேட்டுப் பக்கம். எந்த வழியில் எது வருகிறதாம்?

அகலுக்கு ஒரு மணி நேரம் தாராளம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஈரக்காடு இருந்தது. மண்ணில் புதைந்த மரங்களுக்குள் தாது கலந்த நீர் ஊறி, மரம் போய்க் கல் நின்றது. தகரக் கூரையும் கம்பி வேலியும் போட்டு வைத்திருக்கிறார்கள். நின்ற மரங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள், எல்லாம் தரையில் கிடப்பவைதான்.

தேசியப் பூங்காவில்தான் ஏமாற்று. டிராவல்ஸ் அண்ணாச்சிகள் 'டெசர்ட் சஃபாரி' என்பது பெரும்பாலும் ஒட்டகச் சவாரி, மணலில் ஜீப், ராத்திரி ஆட்டம், சாப்பாடு. விலங்கு பார்ப்பது அதில் சேராது. "சுதாசரிக்கு வனத்துறை அனுமதி எங்கள் பெயரில் எடுத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். அனுமதி கொடுக்கும் அலுவலகம் ஊருக்குள், பூங்கா எங்கேயோ. இப்படி ஓடவிட்டால் புரோக்கர் முளைக்காமல் என்ன செய்வார்? கானமயிலை ('கிரேட் இந்தியன் பஸ்டர்ட்' என்னும் பறவை, மயில் அல்ல) காட்டுவதாக உத்தரவாதம் கொடுத்தால் அது பச்சைப் பொய். நாடு முழுக்க மிஞ்சியிருப்பதே நூற்றைம்பதை ஒட்டித்தான்; மின்கம்பியில் மோதிச் சாவதும் நிற்கவில்லை. கூந்தன்குளத்து வாத்துகள் மாதிரி கூட்டமாக நிற்கும் பறவையல்ல. சிங்காரா மானும் பாலைவன நரியும் கண்ணில் படலாம். அதிகாலையில் போங்கள்.

கல்மரத் துண்டு? தொடவே வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். வெளியே யாராவது கையில் வைத்து விற்றாலும் வாங்காதீர்கள். ஒன்று மட்டும் விலக்கு: ஹாபூர் கல் கிண்ணம். அது மரமே அல்ல, கடல்சிப்பிகள் பதிந்த சுண்ணாம்புக்கல். கடையில் வாங்கலாம், தப்பில்லை. உறை ஊற்றாமலே பால் தயிராகும் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அழகுக்கு வாங்குங்கள், தயிருக்காக அல்ல. 'கல்மரக் கிண்ணம்' என்றால் கடையை மாற்றுங்கள்.

அந்த அரை நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே பேசித் திரும்ப வாங்குங்கள். ஒன்றரை நாளாவது ஒதுக்குங்கள். டிசம்பர் ராத்திரிக் குளிர் நம் ஊர்க் குளிர் அல்ல; பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.