பெட்டிக்குள் இருக்கும் மாண்டலின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வாத்தியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னிடம் மூன்று மாண்டலின்கள் இருக்கின்றன. ஒன்று புதியது. தினமும் வாசிப்பது அதில்தான். மற்ற இரண்டும் நூறு வருடப் பழையவை. ஒன்று குடம்போல முதுகு வளைந்த இத்தாலிய வாத்தியம், இன்னொன்று முட்டை வடிவத் துளை கொண்ட, அமெரிக்காவில் செய்த கிப்ஸன். வாசித்தால் தேய்ந்துவிடுமோ என்று பயந்து, இரண்டிலும் தந்திகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய மரத்தின் நாதம் புதியதில் ஒருநாளும் வராது, புதியதை விற்றுவிடு என்கிறார் ஒரு நண்பர். பழையதைத் தொடுவதே தப்பு, அது பாதுகாக்க வேண்டிய பொருள் என்கிறார் இன்னொருவர். நான் யார் பேச்சைக் கேட்பது?

ம.

அன்புள்ள ம.,

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். புதியதை விற்காதீர்கள். கிப்ஸனைப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டி, அவர் சரி என்றால் இந்த வாரமே தந்தி மாட்டுங்கள். குடமுதுகு வாத்தியத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அது ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் கெடுத்த வாத்தியம் அந்த வகைதான்.

பல வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு பழைய குடமுதுகு மாண்டலின் கிடைத்தது. மெல்லிய பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த முதுகு, துளையைச் சுற்றிச் சிப்பி இழைப்பு. அன்றைக்கே கையில் இருந்த நவீன தந்திகளை மாட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் பெட்டியைத் திறந்தேன். தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்கு முன்னால் முகப்பலகை விரல் நுனி அளவுக்குக் குழிந்திருந்தது. துளையின் ஓரத்திலிருந்து தலைமயிர் போல ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. அந்தப் பலகை நூறு வருடம் தாங்கி வந்ததை நான் இருபது நாளில் முடித்துவிட்டேன். இன்றும் அதை எடுத்தால் என் கட்டைவிரல் அந்தக் குழியைத்தான் முதலில் தேடுகிறது.

காரணம் எளிமையானது. இன்றைய நடுத்தரத் தந்திகள் எட்டையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை 80 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இத்தாலியின் நேப்பிள்ஸில் வினாச்சியா குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டில் செய்த வாத்தியங்களில் குடல் நரம்பும் மெல்லிய உலோகக் கம்பியும் இருந்தன. எஃகுத் தந்தி பின்னால் வந்தது. அப்போதும் அது மெல்லிய எஃகுதான். முகப்பலகையைப் பிரிட்ஜுக்குச் சற்றுப் பின்னால் மடித்து வளைத்திருப்பார்கள். அந்த மடிப்பில்தான் அதன் பலம் இருக்கிறது, பலவீனமும் அங்கேதான். கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது. ஆகவே உங்கள் இத்தாலிய வாத்தியத்துக்கு மிக மெல்லிய தந்தி மட்டும் வாங்குங்கள். அதையும் முகப்பலகையின் உட்புறக் கட்டைகள் ஒட்டு விடாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். விரல் கணுவால் பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே போனால் ஒட்டு விட்ட இடத்தில் சலசலப்பு கேட்கும். துளைக்குள் சின்ன விளக்கை விட்டு, பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றால் பார்த்தால் கட்டையின் கீழே இடைவெளியே தெரிந்துவிடும்.

கிப்ஸன் வேறு வழியில் வந்தது. 1898இல் ஆர்வில் கிப்ஸன் வாங்கிய காப்புரிமையின் மையக் கருத்து, வாத்தியத்தை வயலின்போலச் செதுக்கியெடுப்பது. பலகையை வளைத்து ஒட்டாமல், கனத்த கட்டையிலிருந்து மேடாகச் செதுக்குவது. 1902இல் அமெரிக்காவின் கலமாசூ நகரில் அவர் பெயரில் நிறுவனம் தொடங்கிற்று. இந்தச் செதுக்கிய முகப்பு அதிக இழுவிசை தாங்கும். என்றாலும் முட்டைத் துளை மாண்டலின்களிலும் முகப்பு அமிழ்ந்தவை நிறைய உண்டு. கழுத்துக்குள் சரிசெய்யும் கம்பி வைக்கும் வழக்கம் 1920களின் தொடக்கத்தில்தான் வந்தது. உங்களுடையது அதற்கு முந்தியதானால் இதற்கும் மெல்லிய தந்தியே நல்லது. தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளான ஃபிரெட்டுகள் ரயில் பாதையின் கட்டைகள் மாதிரி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும்.

இனி பழைய மரத்தின் நாதம். மாண்டலினுக்கு ஒன்றுவிட்ட சகோதரியான வயலினில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஓர் ஓட்டல் அறையில் 21 வயலின் கலைஞர்களிடம் மூன்று புதிய வயலின்களையும் மூன்று பழையவற்றையும் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வாசிக்கச் சொன்னார்கள். பழையவற்றில் இரண்டு, வயலின் செய்வதில் பெயர்பெற்ற இத்தாலியரான ஸ்ட்ராடிவாரி செய்தவை. பலருக்கும் பிடித்தது புதியதே. மிகக் குறைவாகப் பிடித்தது ஸ்ட்ராடிவாரிகளில் ஒன்று. மாண்டலினிலும் வயது மட்டும் நாதத்தைத் தருவதில்லை என்பதே என் காது சொல்வது. உங்கள் கிப்ஸனின் நாதத்துக்கு அதன் வடிவமே பெரும் காரணம். முட்டைத் துளை வாத்தியம் இருண்ட, உருண்டையான குரலில் பேசும், தட்டிய ஸ்வரம் நிதானமாக அடங்கும். அந்தக் குரலுக்காக அதை வைத்திருங்கள், வயதுக்காக வேண்டாம்.

1922இல் கிப்ஸன் நிறுவனத்தில் லாய்ட் லோர் மேற்பார்வையில் எஃப்-5 என்ற மாண்டலின் வந்தது. முட்டைத் துளைக்குப் பதில் வயலினில் இருப்பதுபோன்ற இரண்டு எஃப் துளைகள். கழுத்து உடலைவிட்டு வெளியே நீண்டது, அதனால் பிரிட்ஜ் முகப்பின் நடுவுக்கு நகர்ந்தது. இன்று சேகரிப்பவர்கள் தேடித் தவிப்பது, உள்ளே லோரின் கையெழுத்துச் சீட்டு ஒட்டிய எஃப்-5 தான். ஆனால் அன்று அது ஓடவில்லை. மாண்டலின் மோகம் அப்போதே வடிந்துவிட்டிருந்தது. 1924 முடியும்போது லோர் நிறுவனத்தைவிட்டே போய்விட்டார். அந்த வாத்தியத்துக்குப் பெயர் வந்தது இருபது வருடம் கழித்து, பில் மன்றோ என்பவர் 1923 ஜூலை தேதியிட்ட ஒன்றை வாங்கி, அதில் வேகமாகவும் கறாராகவும் வாசித்து, புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையையே அதைச் சுற்றி வளர்த்த பிறகு. அந்த மாண்டலினின் மெருகு தேய்ந்து மரம் தெரிந்தது. தலையில் இருந்த நிறுவனத்தின் பெயரை அவரே சுரண்டியெடுத்திருந்தார். 1985இல் யாரோ வீடு புகுந்து அதை அடித்துச் சிம்பு சிம்பாக்கினார்கள். ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தார்கள், அவர் மறுபடியும் அதிலேயே வாசித்தார். வாசிக்காமல் பெட்டியில் பத்திரமாக இருந்திருந்தால் அது யாருக்கும் தெரியாத ஒரு மரப்பொருள். உங்கள் இரண்டாவது நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

முதல் நண்பருக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக இசையை மாண்டலினில் கொண்டுவந்தபோது பழைய வாத்தியம் அவருக்குப் போதவில்லை. மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த ஜோடியை ஒன்றாக இழுத்துக் கமகம் கொண்டுவருவது மிகக் கடினம். அவர் ஜோடிகளை விட்டார், ஒற்றைத் தந்திகள் ஐந்தை வைத்தார், ஒலி நீடிக்க மின் மாண்டலினை எடுத்தார். வாசிக்கும் இசை கேட்கிற வாத்தியம் புதியதாக இருந்தால், புதியதுதான் சரியானது. உங்கள் தினசரிச் சாதகத்துக்கு, கழுத்து நேராக இருக்கும், அடித்து வாசித்தாலும் தாங்கும் அந்தப் புதிய மாண்டலினே துணை. அதில் கை பழகியபின் பழையதை எடுத்தால் அது என்ன சொல்கிறது என்று காதில் விழும்.

இன்னொன்று. பழைய குடமுதுகு வாத்தியங்களில் துளைக்குப் பக்கத்தில் பதித்திருக்கும் தகடு நிஜ ஆமையோடாக இருக்கலாம். அப்படியானால் அனுமதியில்லாமல் நாடு தாண்டி எடுத்துச் செல்ல முடியாது. பழைய கிப்ஸனில் அது செல்லுலாய்டு. அது சிதைய ஆரம்பித்தால் நொறுங்கும், அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும். அப்படிக் கண்டால் கழற்றித் தனியே வையுங்கள்.

நீங்கள் தந்திகளைக் கழற்றியபோது பிரிட்ஜும் கையோடு வந்திருக்கும், அது ஒட்டப்பட்டதல்ல. கிப்ஸனின் முகப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிரிட்ஜின் பாதங்கள் நின்ற இடம் மெருகில் இரண்டு மங்கலான தடங்களாகத் தெரியும். முதலில் அங்கேயே வையுங்கள். ஒவ்வொரு ஜோடியாக மாட்டி, பாதி இழுவிசையில் ஒருநாள் விடுங்கள். மறுநாள் சுருதி சேர்த்து, 12ஆம் ஃபிரெட்டின் மேல் விரலை வெறுமனே தொட்டு ஒருமுறை மீட்டுங்கள், பிறகு அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறிக் கேட்டால் பிரிட்ஜைக் கழுத்தைவிட்டு ஒரு மயிரிழை தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை விடாதீர்கள்.