சாப்பாட்டு அறைக்குக் கரும்பச்சை ஒத்துவருமா?

கேள்வி: எங்கள் சாப்பாட்டு அறை 10க்கு 12 அடி, ஒரே ஜன்னல். நான்கு சுவருக்கும் கரும்பச்சை அடிக்க ஆசை. குகை மாதிரி ஆகிவிடுமா? — வாசகி, திருச்சி

பதில்: விளக்கைச் சரியாக வைத்தால் ஆகாது. முதலில் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையில் தெரியாத உப்புப் பூப்பு கரும்பச்சையில் பளிச்சென்று தெரியும். கை கழுவும் தொட்டிக்குப் பின்சுவர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பட்டி பார்த்ததும் 180 நம்பர், பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள்; மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். வெள்ளை பிரைமர் வேண்டாம். அடர் நிறங்களில் மறைக்கும் வெள்ளை நிறமி குறைவு என்பதால் அடிச்சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். சாம்பல் கலந்த பிரைமர் ஒரு கோட்டிங், எமல்ஷன் மூன்று கோட்டிங், இடையே நாலு மணி நேரம். 10 அடி உயரச் சுவரென்றால் கதவு, ஜன்னல் போக சுமார் 380 சதுர அடி. மூன்று கோட்டிங்குக்கும் சேர்த்து 8 முதல் 10 லிட்டர் வேண்டும். டப்பாக்களை ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுவருக்குச் சுவர் சாயல் மாறும்.

பளபளப்பே இல்லாத முழு மேட் அழகுதான். ஆனால் நாற்காலி முதுகு உரசிய இடம் பளபளத்து நிற்கும், துடைத்தால் இன்னும் மோசம். லேசான மினுமினுப்புள்ள சாஃப்ட் ஷீன் வாங்குங்கள்.

மேசைக்கு 30 அங்குலம் மேலே தொங்குவிளக்கு, 2700 கெல்வின் (இதமான மஞ்சள் ஒளி), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90. மட்டமான வெள்ளை டியூப்லைட்டில் சாம்பாரே சாம்பலாகத் தெரியும்!