செவரஸ் முகம் போட்ட வெள்ளிக் காசுக்கு 900 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் கரூர், இப்போ ஆஸ்திரியாவுல லின்ஸ்ல வேலை. கூட வேலை பாக்குற ஒருத்தர் ரிட்டயர் ஆகுறார். ஆஸ்திரிய மின்ட் (காசு அடிக்கற நிறுவனம்) 2010லேர்ந்து 2012 வரைக்கும் போட்ட 'டானூப் கரையில் ரோம்' சீரிஸ் வெள்ளிக் காசு ஆறும் மரப்பெட்டியோட வச்சிருக்கார், 900 யூரோன்னா தர்றேங்கறார். லிமிடெட் எடிஷன், போகப் போக விலை ஏறும்னு சொல்றார். பொண்ணு படிப்புக்குன்னு 3000 யூரோ சேத்து வச்சிருக்கேன், அவளுக்கு இப்போ 10 வயசு. அமராவதி ஆத்துல ரோமானியக் காசு கிடைக்கும்னு அப்பா சொல்லிக் கேட்டு வளந்தவன் நான், அதனால மனசு இழுக்குது. வீட்ல தங்கக் காசு வாங்கலாம்ங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம். 900 யூரோவுக்கு வாங்காதீங்க, முக்கியமா பொண்ணு படிப்புப் பணத்துல கையே வைக்காதீங்க. ஏன்னு கணக்கு போட்டே காட்டுறேன்.

அந்தக் காசு ஒவ்வொன்னும் 20 கிராம், 900 தரம் (ஆயிரத்துல 900 பங்கு வெள்ளி), அதாவது சுத்த வெள்ளி 18 கிராம். ஆறு காசுக்கும் சேத்து 108 கிராம், ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம்ங்கற கணக்குல கிட்டத்தட்ட மூணரை அவுன்ஸ் வரும். உதாரணத்துக்கு வெள்ளி அவுன்ஸ் 50 டாலர்னு வச்சுக்கிட்டா மொத்த வெள்ளியோட மதிப்பு 174 டாலர், நீங்க வாங்குற அன்னிக்கு விலை என்னவோ அதைப் போட்டு நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பாத்துக்குங்க. காசு மேல போட்டிருக்குற முகமதிப்பு ஒன்னுக்கு 20 யூரோ, ஆறுக்கு 120, அதுவும் ஆஸ்திரியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும், பக்கத்துல பஸ்ஸாவுக்குப் போய் ஜெர்மன் கடையில நீட்டினா வாங்க மாட்டாங்க. ஆக மொத்தம் 900 யூரோவுல பெரும்பகுதி படத்துக்கும் பெட்டிக்கும் 'அரிது'ங்கற ஒரு வார்த்தைக்கும் போகுது. அந்த வார்த்தையையும் பாத்துருவோம், ஒவ்வொரு காசும் 50,000 வரைக்கும் அடிச்சது. 50,000 பேர் வீட்ல அதே பெட்டி, அதே பிளாஸ்டிக் காப்ஸ்யூல்ல பத்திரமா இருக்கு, யாரும் உருக்கல, யாரும் செலவு பண்ணித் தேய்க்கல, அப்புறம் அரிது எங்கேர்ந்து வரும்?

இன்னொன்னு, இந்த சீரிஸ் வந்த நேரத்தைப் பாருங்க. 2011 ஏப்ரல்ல வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தொடப் பாத்துச்சு, 2015 கடைசியில 14க்கும் கீழ இறங்கிருச்சு, 2020 மார்ச்ல 12 கிட்ட வந்துச்சு, மறுபடி ஏறி 50ஐத் தாண்டினது 2025 அக்டோபர்லதான். அதாவது உச்சத்துல வாங்கினவங்க போட்ட பணத்தைத் திரும்பக் கண்ணுல பாக்கவே 14 வருஷம், அதுவும் வட்டி இல்லாம. உங்க பொண்ணு காலேஜுக்குப் போக இருக்கறது எட்டு வருஷம்தான்.

காசு அழகா இல்லன்னு நான் சொல்லவே இல்ல. கார்னுன்டும்ங்கற பழைய ரோமானிய ஊர் பேர்ல வந்த காசுல செப்டிமியஸ் செவரஸ் முகம் இருக்கும், கி.பி. 193ல அந்த ஊர்லதான் படைகள் அவரை சக்கரவர்த்தியா அறிவிச்சுது, வியன்னாவுக்குக் கிழக்க பெட்ரோனெல் பக்கம், ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போயிட்டு வந்துரலாம். சேகரிக்கறவங்களுக்குன்னு தனியா மெருகேத்தி அடிச்ச ப்ரூஃப் காசுங்கறதால பின்னணி கண்ணாடி மாதிரி மின்னும், முகம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி மங்கலா எழும்பி நிக்கும், வெளிச்சத்துல லேசா சாய்ச்சா தாடி சுருள் சுருளாத் தெரியும். பிடிச்சுப் போறதுல தப்பே இல்ல. ஆனா அதே செவரஸ் உயிரோட இருந்தப்போ அடிச்ச டெனாரியஸ்ங்கற ரோமானிய வெள்ளிக் காசுல வெள்ளி பாதியளவுதான் இருந்துச்சு, படைக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளியைக் குறைச்சுட்டே போனார், மகன் காரகல்லா புதுசா ஒரு காசு விட்டு அதை ரெண்டு டெனாரியஸ்னு சொன்னார், வெள்ளி ஒன்றரைக்குத்தான் இருந்துச்சு, அடுத்த அம்பது வருஷத்துல அந்தக் காசு வெள்ளி பூசின செம்பு மாதிரி ஆயிருச்சு. முகத்துக்குன்னு தனியா ஒரு மதிப்பு இருந்திருந்தா ஜனங்க பழைய நல்ல வெள்ளியை ஒளிச்சு வச்சுட்டுப் புதுசை மட்டும் செலவு பண்ணியிருக்க மாட்டாங்க.

நீங்க அமராவதியைச் சொன்னதால இதையும் சொல்லணும். கரூர் ஆத்து மணல்லயும் தமிழ்நாட்டுல மத்த இடங்கள்லயும் கிடைச்ச ரோமானிய வெள்ளிக் காசுல ரொம்ப அதிகம் ரோமானிய சக்கரவர்த்திங்க அகஸ்டஸும் டைபீரியஸும் அடிச்சதுதான். கி.பி. 64ல நீரோ சக்கரவர்த்தி காசோட எடையையும் வெள்ளியையும் குறைச்சார், நம்ம பக்கத்து வியாபாரிங்க அதுக்கு முந்தின நல்ல காசையே தேடி வாங்கினாங்க. 1898ல புதுக்கோட்டையில ஒரு பானையில 501 தங்கக் காசு கிடைச்சுது, அதுல பெரும்பாலான காசுல ராஜா தலை மேலயே உளியால ஒரு வெட்டு. இனி இது வெறும் தங்கம், யார் முகமா இருந்தா எனக்கென்னங்கற மாதிரியான வெட்டு அது. உங்க ஊர்க்காரங்க 2000 வருஷத்துக்கு முன்னாடி எடையைத்தான் பாத்து வாங்கினாங்க, நீங்களும் அப்படியே பாருங்க.

நண்பர் உங்களை ஏமாத்தறார்னு நான் நினைக்கல. அவரும் அன்னிக்கு மின்ட் விலைக்கு ஆசையா வாங்கியிருப்பார், விலை ஏறும்னு மனசார நம்புறார். ஆனா இன்டர்நெட்ல ஒருத்தர் கேக்குற விலை வேற, வித்துப் போன விலை வேற, ஏல சைட்ல 'விற்றவை'ன்னு தனியா ஃபில்டர் இருக்கும், அதைப் போட்டு கடைசி மூணு மாசத்தைப் பாருங்க. கூடவே லின்ஸ்ல ஏதாவது ஒரு காசுக் கடைக்குப் போய், என்கிட்ட இந்த செட் இருக்கு, எவ்வளவுக்கு எடுத்துப்பீங்கன்னு கேளுங்க, வாங்குறவனா கேக்காதீங்க, விக்கிறவனா கேளுங்க. அவங்க சொல்ற விலைதான் நாளைக்கு அவசரத்துக்கு உங்க கைக்கு வரப்போற பணம்.

இதே மாதிரி நியுவே, குக் தீவுகள்னு பசிபிக் குட்டி நாடுகள் பேர்ல தனியார் மின்ட் அடிச்சு விக்கிற ரோமானியக் காசுகளும் விளம்பரத்துல வரும், அதுல முகமதிப்பு ரெண்டு டாலர், அஞ்சு டாலர்னு பேருக்குத்தான் இருக்கும். அதைவிட மோசம் தங்க முலாம் பூசின செம்பு மெடல், முதல் காசு சும்மா கொடுக்கற விலைக்கு வரும், அப்புறம் மாசாமாசம் பார்சலும் பில்லும் வந்துட்டே இருக்கும். என்கிட்ட வந்த ஒரு அம்மா வீட்ல மூணு ஆல்பம் நிறைய அப்படி இருந்துச்சு, கடைக்குக் கொண்டு போனப்போ எடை மிஷின்ல வைக்கவே இல்ல, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அந்த அம்மா முகம் எனக்கு இன்னும் மறக்கல.

வீட்ல சொல்ற தங்கக் காசு இதைவிட நல்ல யோசனை, அதுலயும் அளவு வேணும். 1800க்கு அப்புறம் அடிச்ச, 900 தரத்துக்குக் குறையாத, நாணயமா செல்லுற தங்கக் காசு, விலை தங்க மதிப்பைவிட 80 சதவீதத்துக்கு மேல போகாத வரைக்கும் ஐரோப்பிய யூனியன்ல வாட் (விற்பனை வரி) கிடையாது, வெள்ளிக் காசு புதுசா வாங்கினா ஆஸ்திரியாவுல 20 சதவீதம் வாட் போயிரும், விக்கும்போது அது திரும்ப வராது. தங்கக் காசை ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துக்கு வரியும் இல்ல. ஆனா பத்துல ஒரு அவுன்ஸ் மாதிரி குட்டிக் காசுல கிராமுக்கு கூலி அதிகம், சேத்து வச்சுக் கொஞ்சம் பெருசாவே வாங்குங்க. 3000ல 500, 600க்கு மேல தங்கத்துக்கு வேண்டாம். ஒரு பகுதி பேங்க்ல டெபாசிட், ஒரு லட்சம் யூரோ வரைக்கும் உத்தரவாதம் இருக்கு, வட்டியில 25 சதவீதம் பிடிச்சுப்பாங்க. மிச்சத்தைச் உலக நாடுகளோட கம்பெனிப் பங்குகளை மொத்தமா வாங்கி வைக்கற, செலவு கம்மியான ஒரு உலக இண்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டு, பொண்ணுக்கு 15, 16 வயசு ஆகும்போது கொஞ்சம் கொஞ்சமா டெபாசிட்டுக்கு மாத்திருங்க.

ஆசையை அப்படியே அடக்கவும் சொல்ல மாட்டேன். உங்க லின்ஸ் பக்கத்துல இருக்குற என்ஸ்தான் அந்தக் காலத்து லௌரியாக்கும், அந்தப் பேர்லயும் இந்த சீரிஸ்ல ஒரு காசு இருக்கு. நண்பர்கிட்ட அந்த ஒன்னை மட்டும் தனியா தருவாரான்னு கேளுங்க, கடையில சொன்ன விலைக்கு மேல கொஞ்சம் சேத்துக் கொடுங்க, அதுவும் உங்க மாசச் செலவுப் பணத்துலேர்ந்து. பொண்ணை என்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து கையில கொடுங்க, காப்ஸ்யூலை மட்டும் திறக்க விடாதீங்க, ப்ரூஃப் காசுல விரல் ரேகை பட்டா போகாது, துடைச்சா இன்னும் கெட்டுரும்.