எருமை துப்பறிந்தால் குழந்தைகள் சிரிப்பார்களா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மாம்பழத் திருட்டு, துப்பறிவது எருமை. 24 பக்கப் படக்கதையை எப்படிப் பிரிப்பது?

சிரிப்பார்கள், எருமை தன்னைப் பெரிய புலியாக நினைத்துக்கொண்டால். மோப்ப நாய் வந்தால் அது வேலை; எருமை வந்தால்தான் வேடிக்கை.

திருடன் பழந்தின்னி வௌவாலாக இருக்கட்டும். அது சாற்றை உறிஞ்சிவிட்டு நாரை மென்று சக்கையாகத் துப்பும். காலையில் மரத்தடியில் கிடக்கும் அந்தச் சக்கைதான் தடயம். இரண்டாம் பக்கத்திலேயே படத்தின் மூலையில் வரைந்துவிடுங்கள், எழுத்தில் சொல்லாதீர்கள். எருமை அதன்மேல் குளம்பை வைத்து நின்றுகொண்டே குரங்கை விசாரிக்க வேண்டும். குழந்தை "காலுக்குக் கீழே பாரு!" என்று கத்தும். பாதிக் கதை அங்கேயே ஜெயித்துவிட்டது.

குரங்கு, கிளி, அணில் என மூன்று சந்தேக நபர்கள் போதும். ஐந்தானால் நான்கு வயதுக் குழந்தைக்கு யார் யாரென்று மறந்துவிடும்.

கேள்வி வலப்பக்கக் கடைசியில், பதில் தாளைத் திருப்பியதும். எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் கண் முந்திக்கொள்ளும், நகைச்சுவை செத்தது. பக்கத்துக்கு 25 சொல் தாண்டாதீர்கள்.

நடு மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதானால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். 24க்கு ஆறு ஏ4 தாள், இரண்டாக மடித்து. மடிப்பில் முகத்தை வரையாதீர்கள், எருமையின் மூக்கு காணாமல் போய்விடும்.