எழுத்து முடிந்து நான்கு வருடம்: காத்திருப்பா, கட்டுண்டிருப்பா?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து 32 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டாரில் வேலை செய்பவருக்கும் அவருக்கும் நான்கு வருடங்களுக்கு முன்பு எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முடிந்தது. தாலி கட்டுவது முதலில் மாப்பிள்ளையின் தங்கை கல்யாணத்துக்காகவும், பின்னர் வீட்டு வேலைக்காகவும் தள்ளிப்போனது. தாயார் கொடுத்த காணியில், மாப்பிள்ளை அனுப்பிய காசோடு இவர் சம்பளத்தில் எடுத்த வங்கிக் கடனும் சேர்ந்து, வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. அவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் திகதி கேட்டால் “பார்ப்போம்” என்பதே பதில். “நான் அவரை விரும்பித்தான் காத்திருக்கிறேனா, இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் காத்திருக்கிறேனா? அவருக்கு உண்மையில் பற்று இருக்கிறதா என்று எப்படி அறிவது?” என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் முதற் கேள்வியை உளவியலாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கெரில் ரஸ்பல்ட் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த விளக்கத்தின்படி, ஒருவர் ஓர் உறவில் நிலைத்திருப்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: அந்த உறவில் கிடைக்கும் மனநிறைவு, அதை விட்டால் வேறு வழி உண்டா என்ற கணிப்பு, இதுவரை அதற்குள் போட்ட முதல். முதல் என்பது காசு மட்டுமல்ல. வருடங்கள், இரு வீட்டாரின் உறவு, ஊரில் பெற்ற பெயர், சொல்லிவைத்த இரகசியங்கள் எல்லாம் அதில் அடங்கும். 2003 இல் பெஞ்சமின் லீ, கிறிஸ்டோபர் அக்னியூ ஆகிய இருவரும் 52 ஆய்வுகளை, அதாவது 11,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பற்றுறுதியில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இம்மூன்றுமே விளக்கின. அவற்றுள் வலுவானது மனநிறைவு.

உங்கள் கடிதத்தை இந்த மூன்றையும் மனத்தில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். வீடு, கடன், நான்கு வருடம், அயலாரின் பேச்சு எல்லாம் அதில் இருக்கின்றன. அவரோடு கதைத்து முடித்தபின் மனம் எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. அது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் கவனியுங்கள். ரஸ்பல்ட் 1983 இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களின் காதல் உறவுகளை ஒரு கல்வியாண்டு நெடுகத் தொடர்ந்து பார்த்தார். துணையால் கைவிடப்பட்டவர்களிடம் ஒரு விசித்திரம் தெரிந்தது: மனநிறைவு பெரிதாகக் கூடாமலிருந்தும் அவர்கள் உறவுக்குள் மேலும் மேலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள், வேறு வழிகளும் அவர்கள் கண்ணுக்கு மங்கிக்கொண்டே போயின. இதை அவர் சிக்குண்ட நிலை என்று விளக்கினார்.

ஸ்கொட் ஸ்டான்லி, ஹவார்ட் மார்க்மன் ஆகியோர் 1992 இல் இதையே வேறு விதமாகப் பிரித்தார்கள்: ஒன்று அர்ப்பணிப்பு, மற்றது கட்டு. இவரோடுதான் என் நாளை என்று மனம் விரும்பி நிற்பது அர்ப்பணிப்பு. விலகினால் வரும் இழப்பு தடுத்து நிறுத்துவது கட்டு. கட்டு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், மனம் சலிக்கும் காலத்தில் குடும்பத்தைக் கலையாமல் பிடித்து வைப்பதும் அதுவே. அர்ப்பணிப்பு வளராமல் கட்டு மட்டும் இறுகும்போதுதான் சிக்கல். எழுத்து, காணி, அத்திவாரம், கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் மீது கட்டுகள் ஏறியிருக்கின்றன. அவற்றில் எத்தனை நீங்கள் இருவரும் இருந்து பேசி எடுத்த முடிவுகள், எத்தனை தாமாகவே நடந்தவை என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

வன்னியில் உளவளத்துணை செய்பவளாக ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நம்மிடையே காத்திருப்பதற்குத் தனி மரியாதை உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தைப் பார்த்த ஊரில், ‘இனிக் காத்திருக்க மாட்டேன்’ என்று ஒரு பெண் சொல்வது துரோகம்போல ஒலிக்கிறது. ஆனால் அந்தத் தாய்மார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரோ தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறார். இரண்டு காத்திருப்பையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அவருடைய பற்றை எப்படி அறிவது? அனுப்பும் காசை வைத்து மட்டும் அளக்காதீர்கள். தங்கைக்கும் அவர் அனுப்பினார். மனத்தாங்கல் வரும் வேளையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ரஸ்பல்டும் உடன் ஆய்வாளர்களும் நான்கு வகைப் பதில்களைக் குறித்தார்கள்: முறித்துக்கொள்ள முனைவது, பேசித் தீர்ப்பது, சரிவரும் என்று பொறுத்திருப்பது, கவனிக்காமல் விடுவது. பற்று ஆழமானவர்கள், துணை கோபத்தில் ஒன்று சொன்னாலும் பதிலுக்குச் சீறாமல், பேச்சைத் தொடரவே பார்க்கிறார்கள். “பார்ப்போம்” என்பதற்குப் பிறகு அவராகவே அந்தப் பேச்சை ஒருமுறையாவது மீண்டும் எடுத்தாரா? எடுத்திருந்தால் அது பொறுமையாக இருக்கலாம். ஒருபோதும் இல்லையென்றால் நான் அதைக் கவனிக்காமல் விடும் வகையில்தான் சேர்ப்பேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்றால், அன்று அவர் ஆறுதலாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். ‘எப்போது வருவீர்கள்’ என்று கேட்டால் மறுபடியும் “பார்ப்போம்” வரும். “கூரை போடுவதற்கு முன் தாலி கட்டுவதில் உங்களுக்கு என்ன தடை?” என்று கேளுங்கள். கடன், முகவருக்குக் கட்டவேண்டிய காசு, வேலை போய்விடுமோ என்ற பயம் என்று அவர் மறைத்துவைத்த காரணம் ஒன்று வெளியே வரக்கூடும். வெட்கத்தால் வாய் மூடிய ஆண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காரணம் வந்தால் அதற்கு இருவரும் ஒரு மாதத்தைக் குறியுங்கள். அந்த மாதத்தை நோக்கி அவர் லீவு கேட்கிறாரா, ரிக்கெற் விலை பார்க்கிறாரா என்பது அவர் சொல்லைவிடத் தெளிவாகப் பேசும்.

விலகும் எண்ணம் வந்தால், தாலி ஏறாவிட்டாலும் 1907 ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நீங்கள் மணமானவர் என்பதை மறக்கவேண்டாம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின்றி அது கலையாது. திருமணத்துக்குப் பின்னான சோரம், தீய எண்ணத்தோடு கைவிட்டுச் செல்லுதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவையே விவாகரத்துக்கான காரணங்கள். இருவரும் சம்மதம் என்பது மட்டும் போதாது. சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையமொன்றில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். விசாரிப்பதால் உறவு முறிந்துவிடாது. அதுவரை வீட்டுக்கென்று புதிய கடன் எடுக்கவேண்டாம். லிண்டலுக்கு மேல் ஒரு வரி கல் ஏறுமுன் அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு நடந்து முடியட்டும்.