இகெரிபென் குன்று – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரிஃப் போரைப் பற்றி இப்போதுதான் வாசித்தேன். ரிஃப் என்பது வடக்கு மொராக்கோவின் மலைப்பகுதி. 1921 ஜூலையில் அங்கே அன்னுவாலில் பெர்பெர் விவசாயிகள் ஸ்பெயின் ராணுவத்தைச் சிதறடித்திருக்கிறார்கள். ஸ்பெயின் தரப்பில் 8,000 பேருக்கு மேல் சாவு. படிக்கப் படிக்க இனித்தது. அவர்களை வழிநடத்திய அப்துல் கரீமைத்தானே கெரில்லாப் போரின் தந்தை என்று சொல்லவேண்டும்? நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் ஏன் இல்லை?

ம.

அன்புள்ள ம.,

பாடப்புத்தகத்தில் இல்லாதவை எவ்வளவோ, விடுங்கள். 'தந்தை' பட்டமும் வேண்டாம். நமக்கு எதற்கெடுத்தாலும் ஒரு தந்தை தேவைப்படுகிறார். மொராக்கோக் கரையிலுள்ள ஸ்பானிய நகரம் மெலில்லாவில் ஸ்பானியரிடமே நீதிபதியாக இருந்து, அவர்கள் பத்திரிகையில் அரபுப் பகுதியைக் கவனித்து, பிறகு அவர்களாலேயே சிறையில் அடைக்கப்பட்டவர் அவர். தப்பிக்க முயன்றபோது கால் ஒடிந்து, கடைசிவரை விந்தி நடந்தார். அந்த மனிதர் பட்டத்தைவிட சுவாரசியமானவர்.

ஆனால் 'இனித்தது' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில வாரங்களாக இகெரிபென் என் மனதை விட்டுப் போகவில்லை. அன்னுவாலுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைக் குன்று. ஸ்பானியர் தங்கள் சிப்பாய்கள் 300க்கும் மேற்பட்டோரை அங்கே ஏற்றி வைத்தார்கள். குன்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கோவேறு கழுதைகளோடு கீழே சில கிலோமீட்டர் போய்த்தான் மொண்டு வரவேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டமாட்டாள் என் அப்பத்தா. ஊருணிக்கு இரண்டு நடை போய்வந்த பிறகுதான் எனக்குப் பள்ளிக்கூடம். வரைபடத்தில் குன்றைக் குறித்த தளபதிக்கு அந்தப் புத்தி இல்லை. இகெரிபென் மட்டுமல்ல, மெலில்லாவிலிருந்து அன்னுவால் வரை 100க்கும் மேற்பட்ட காவல்நிலைகளில் பலவற்றின் கதை இதுதான். ரிஃப் காரர்கள் கோட்டையை முட்டி உடைக்கவில்லை. தண்ணீர்ப் பாதையில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஜூலை வெயில். உருளைக்கிழங்கை நசுக்கிச் சாறு குடித்தார்கள். பிறகு வினிகர், வாசனைத் தைலம், மை. கடைசியில் சிறுநீரில் சர்க்கரை போட்டுக் குடித்தார்கள். இனிப்பு அங்கேயும் இருந்தது ஐயா.

யார் அவர்கள்? ஸ்பெயினில் எல்லா இளைஞர்களுக்கும் கட்டாய ராணுவச் சேவை. ஆனால் 1912 சட்டப்படி 1,000 பெசெத்தா (அன்றைய ஸ்பானிய நாணயம்) கட்டினால் பத்து மாதச் சேவை, 2,000 கட்டினால் ஐந்தே மாதம். கட்ட முடிந்தவன் கட்டினான். முடியாத கூலிக்காரன் மகன் அந்தக் குன்றில் நாக்கு வறண்டு செத்தான். 1909இல் போருக்காக மெலில்லாவுக்குக் கப்பலேற மறுத்து பார்சிலோனா ஒரு வாரம் எரிந்ததே, அதுவும் இதே மக்களின் கோபம்தான். அன்னுவாலிலிருந்து பின்வாங்கியவர்கள் ஒதுங்கிய மோன்தே அர்ருய்த் காவல்நிலையில் அவர்கள் சரணடைந்த பிறகும் வெட்டப்பட்டார்கள். அதையும் சேர்த்தா இனித்தது? உங்கள் வயதில் எனக்கும் இப்படித்தான் இனித்தது, அதனால்தான் அதட்டுகிறேன்.

ரிஃப் மக்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மண், அவர்கள் ஊற்று. அன்னுவாலுக்குப் பழிதீர்க்க ஸ்பெயின் அவர்கள்மேல் கொட்டியது கடுகு வாயு என்ற விஷவாயு. சந்தை நாள் பார்த்து விமானத்திலிருந்து போட்டார்கள், கூட்டம் இருக்கும் என்பதால். 1926 மே மாதம் அப்துல் கரீம் சரணடைந்தது பிரெஞ்சுக்காரர்களிடம், ஸ்பானியரிடம் அல்ல. அந்த ஐந்து வருடத்தையும் வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.