சந்தை இல்லாமல், கொடுத்து வாங்கியே ஒரு ஊர் பிழைக்க முடியுமா?

முழுசாக முடியாது, ஆனால் பெரிய செலவுகளை அப்படிச் சமாளிக்கிற ஊர்கள் இருக்கின்றன. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறிச் சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள், அது பேரோடு நோட்டில் ஏறும், வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. அப்புறம் அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் அந்தத் தொகையோடு மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்த்துச் செய்வார். அந்தக் கூடுதல்தான் முக்கியம். கணக்கு சரியாகத் தீர்ந்துவிட்டால் கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்கியது போல உறவும் அங்கேயே முடிந்துவிடும், பாக்கி இருக்கிறவரை இரண்டு வீட்டுக்கும் ஒருவரை ஒருவர் வேண்டும்.

ஆனாலும் இதைத் தானம் என்று சொல்லமாட்டேன். திருப்பிச் செய்யாதவருக்கு ஊரில் மரியாதை போய்விடும். 2018 கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் மொய்க்கடன் கடன்தான். எதையும் எதிர்பார்க்காத கொடை என்றால் வடலூர் தருமச்சாலையைச் சொல்வேன். வள்ளலார் 1867-இல் தொடங்கியது, இன்றும் யார் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள், சாப்பிட்டவர் யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை.